பழுதாகும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பது: முழுமையான வழிகாட்டி

தவறுதலாக அழித்துவிட்ட கோப்பை மீட்பதும், பழுதாகிக்கொண்டிருக்கும் வன்வட்டிலிருந்து கோப்புகளை மீட்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை வெவ்வேறு வேலைகள். முதலாவதில் வட்டு நலமாக இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் அதைத் துழாவலாம், ஒரு மென்பொருள் சரிவராவிட்டால் இன்னொன்றை ஓட்டிப் பார்க்கலாம். இரண்டாவதில் அந்தச் சலுகை கிடையாது. வட்டு இன்னும் எத்தனை மணி நேரம் படித்துக் கொடுக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால், அதில் செய்யப்படும் ஒவ்வொரு வாசிப்பும் மிச்சமிருக்கும் ஆயுளிலிருந்து கழிகிறது என்றே கொள்ள வேண்டும். அந்த ஆயுளைத் தேடுவதிலும் சோதிப்பதிலும் கரைக்காமல், முழு வட்டையும் ஒரே ஒரு முறை நகலெடுப்பதில் செலவிட வேண்டும். தேடல், ஆய்வு, மீட்பு அனைத்தையும் அந்த நகலின் மேல்தான் செய்ய வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

இங்கே பேசப்படுவது சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்வட்டுகளைப் பற்றியது. சுழலும் பகுதியே இல்லாத எஸ்எஸ்டி வகைக்கும் நகலெடுக்கும் முறை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அவை பழுதாகும் விதம் வேறு என்பதால், சத்தத்தையும் சுழற்சியையும் பற்றிய குறிப்புகள் அவற்றுக்குப் பொருந்தா.

படி 1: உடனே நிறுத்த வேண்டியவை

கோப்புறை திறக்க நிமிடக்கணக்கில் ஆவது, நகலெடுக்கும்போது இடையில் உறைந்துபோவது, வட்டு தானாகவே மறைந்து மறுபடி தோன்றுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டவுடன் வட்டை முறையாக வெளியேற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வெளியேற்றும் கட்டளைக்கு அது பதிலளிக்காமல் நெடுநேரம் தவித்தால் கணினியை அணைத்துவிட்டுக் கழற்றலாம். அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும்வரை வட்டு மின்சாரம் இல்லாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

பலரும் இந்தக் கட்டத்தில்தான் நல்லெண்ணத்தோடு கெடுதல் செய்கிறார்கள். “இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையைப் பிழைதிருத்தும் விருப்பத்தோடு ஓட்டாதீர்கள். மேக் கணினியின் ஃபர்ஸ்ட் எய்டு, லினக்ஸின் எஃப்எஸ்செக் ஆகியவற்றுக்கும் இதே விலக்கு உண்டு. இந்தக் கருவிகளின் நோக்கம் கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஏற்பாட்டை, ஒழுங்குக்குக் கொண்டுவருவதே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. படிக்க முடியாத ஒரு பதிவைக் கண்டால், அந்தப் பதிவையே நீக்கி முறைமையைச் சீராக்கிவிட்டதாக அவை அறிவிக்கக்கூடும். அதனோடு கோப்பின் பெயரும் இடமும் போய்விடும். அதோடு, செல்லரித்த வட்டின் மேல் எழுதவும் செய்கின்றன. டீஃப்ராக், வைரஸ் ஸ்கேன், “வட்டின் ஆரோக்கியத்தை மீட்கும்” என்று விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்கள் ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்பு மென்பொருளைக்கூடப் பழுதான வட்டிலேயே நிறுவக் கூடாது, மீட்ட கோப்பை அதிலேயே சேமிக்கவும் கூடாது.

வட்டை உறைபெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியம் இன்னும் உலவுகிறது. குளிர்ந்த வட்டை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளும் படியும். தரவைப் படிக்கும் முனையான ஹெட், தட்டின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் கருவி ஒன்றில் அந்த ஈரம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வட்டைத் தட்டிப் பார்ப்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம்தான். அந்த இடைவெளிக்கு முன்னால் சாதாரணத் தூசித் துகள்கூட மலையளவு பெரியது.

படி 2: சத்தத்தைக் கேட்டு, பழுதின் வகையைப் பிரித்தறிதல்

வட்டை ஒருமுறை இணைத்து, காதை அருகில் வைத்து, அரை நிமிடம் கவனியுங்கள். சீராகச் சுழலும் ஓசையும் அவ்வப்போது மெல்லிய அசைவொலியும் மட்டும் கேட்டால், இயந்திரப் பகுதி ஓரளவு உயிரோடு இருக்கிறது என்று பொருள். மோசமான செக்டர்களோ (தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள்) கோப்பு முறைமைச் சிதைவோ காரணமாக இருக்கலாம், அதை வீட்டிலேயே முயலலாம்.

ஒரே தாளத்தில் “டிக்… டிக்… டிக்” என்று திரும்பத் திரும்ப அடித்துவிட்டுச் சுழற்சி நின்றுபோனால், ஹெட் தன் இருப்பிடத்தைக் கண்டறிய முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்கிறது என்று கொள்ளலாம். உலோகம் உரசும் கீறல் ஒலி இன்னும் மோசம்: ஹெட் தட்டைத் தொட்டுவிட்டது, ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சு சுரண்டப்படுகிறது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுகள் சுழலும் தட்டில் இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போமே என்று காத்திருப்பது எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இதிலிருந்து கணக்கிடலாம். மோட்டார் சுழல முயன்று மெல்லிய “பீப்” ஒலியோடு நின்றுவிட்டால், ஹெட் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கலாம். இந்த மூன்று நிலைகளிலும் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை; “டிக்” ஒலி என்றால் படி 3-இன் மின்சாரச் சோதனையை மட்டும் முடித்துவிட்டும், மற்ற இரண்டில் நேராகவும் படி 5-க்குச் செல்லுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லாமல், விளக்கும் எரியாமல் கிடந்தால் அது மின்சாரச் சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். விந்தை என்னவென்றால், கேட்கக் கொடூரமாக இருக்கும் சில “டிக்” ஒலிகளுக்கும் காரணம் மின்சாரப் பற்றாக்குறைதான். ஆகவே மனம் தளர்வதற்கு முன் அடுத்த படியைச் செய்து பார்ப்பது நியாயம்.

படி 3: கேபிள், மின்சாரம், வெளியுறை

கைக்கு அடக்கமான 2.5 அங்குல வட்டுகள் தங்கள் மின்சாரம் முழுவதையும் யூஎஸ்பி வழியாகவே பெறுகின்றன. யூஎஸ்பி 2.0 துளை ஒன்றின் வரையறை 500 மில்லி ஆம்பியர், 3.0 துளையின் வரையறை 900 மில்லி ஆம்பியர். சுழலத் தொடங்கும் கணத்தில் வட்டுக்கு இதைவிட அதிகம் தேவைப்படலாம் என்பதால், மின்சாரம் இல்லாத ஹப், நீண்ட மலிவான கேபிள், மேசைக் கணினியின் முன்பக்கத் துளை ஆகியவற்றைத் தவிர்த்து, தாய்ப்பலகையோடு நேராக இணைந்திருக்கும் பின்பக்கத் துளையில், குறுகிய வேறொரு கேபிளால் இணைத்துப் பாருங்கள். தனியே மின்சாரம் பெறும் ஹப்பும் பயன்படும்.

3.5 அங்குல வட்டுகளுக்குத் தனி அடாப்டர் உண்டு, அது பெரும்பாலும் 12 வோல்ட் தருவது. அடாப்டரை மாற்றிப் பார்க்க விரும்பினால் முனை பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்க்காமல், வோல்ட் அளவும் முனைவுகளின் திசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் அதே துளையில் அழகாகப் பொருந்தி, சுற்றுப்பலகையை ஒரு நொடியில் எரித்துவிடக்கூடும்.

அடுத்ததாகச் சந்தேகப்பட வேண்டியது வெளியுறைக்குள் இருக்கும் சிறு பாலப் பலகை. யூஎஸ்பியையும், வட்டின் சொந்த இணைப்பு வகையான சாட்டாவையும் இணைக்கும் இந்தப் பலகை கெட்டு, உள்ளே வட்டு முழு நலத்தோடு இருக்கும் நிலை அரிதன்று. உறையைத் திறந்து வட்டை வெளியே எடுத்து, கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகச் செருகினால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடலாம். சாட்டா இணைப்பு யூஎஸ்பியைவிட நிதானமானது, பிழைகளைத் தெளிவாகத் தெரிவிக்கக்கூடியது என்பதால், நகலெடுப்பதற்கும் அதுவே சிறந்த வழி.

ஆனால் இதில் மூன்று பொறிகள் உண்டு. பல புதிய 2.5 அங்குல வட்டுகளில் யூஎஸ்பி துளை வட்டின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சாட்டா முனையே இருக்காது. சில மாடல்களில் பாலப் பலகையே எல்லாத் தரவையும் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்கிறது. கடவுச்சொல் எதையும் நீங்கள் வைக்காவிட்டாலும் இது நடக்கும். அந்தப் பலகையைத் தாண்டி வட்டை நேராகப் படித்தால் அர்த்தமற்ற எண்குவியல்தான் கிடைக்கும். ஆகவே பழைய பலகையை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள். வேறு சில பலகைகள் வட்டின் 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாகக் கணினிக்குக் காட்டுகின்றன. உறையிலிருந்து வெளியே எடுத்ததும் பகிர்வுகள் (வட்டைப் பிரித்துவைத்த பகுதிகள்) காணாமல் போனதுபோலத் தோன்றுவதற்கு இந்த அளவு மாற்றமே காரணமாக இருக்கலாம், தரவு அழிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

சுற்றுப்பலகை எரிந்திருந்தால் அதே மாடல் வட்டின் பலகையை மாற்றினால் போதும் என்பது பழைய காலத்து அறிவுரை. அந்தந்த வட்டுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதப்பட்ட அளவுகள் இன்றைய பலகைகளின் ரோம் சில்லில் இருப்பதால், அந்தச் சில்லையும் கழற்றிப் புதிய பலகையில் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பில் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

படி 4: ஸ்மார்ட் அளவீடுகளை ஒரே ஒரு முறை பார்த்தல்

வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு ஸ்மார்ட் எனப்படுகிறது. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவும், லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையும் அதைக் காட்டும். சில யூஎஸ்பி பலகைகள் இந்தத் தகவலைக் கடத்தாமல் மறைத்துவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையை “சாட்” என்று குறிப்பிட்டால் பல நேரங்களில் வழி திறக்கும்.

பார்க்க வேண்டிய வரிசைகள் நான்கே. 5 என்ற எண்ணுள்ள அளவீடு, மோசமாகி மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197 என்பது படிக்கச் சிரமப்பட்டு, இன்னும் தீர்ப்பு எழுதப்படாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198 என்பது திருத்த இயலாதவை. இந்த மூன்றின் மூல மதிப்புகளில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தைத் தாண்டிப் பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டிருந்தால், வட்டின் மேற்பரப்போ ஹெட்டோ கெட்டுவருகிறது. 199 மட்டும் உயர்ந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால், தரவு கடந்து வரும் வழியில், அதாவது கேபிளிலோ இணைப்பிலோ குறை இருக்கலாம்; படி 3-ஐ மறுபடி செய்யுங்கள்.

எல்லா எண்களும் பூஜ்யமாக இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் அதிகமான வட்டுகளைக் கவனித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடப் பதிவாகாமலே செத்துப்போன வட்டுகள் பாதிக்கும் மேல் இருந்ததாகக் கண்டார்கள். அதே கட்டுரையில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய வட்டு அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு என்றும் இருக்கிறது. ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள், நலம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்மார்ட்டின் நீண்ட சுயசோதனையை ஓட்டும் ஆசை வரும். அது முழுத் தட்டையும் படித்துப் பார்க்கும் சோதனை. முழுத் தட்டையும் ஒருமுறை படிக்கும் வலு வட்டுக்கு இருக்குமானால், அந்த வலுவில் நகல் எடுத்துவிடலாமே!

படி 5: நீங்களே செய்வதா, ஆய்வகத்திடம் கொடுப்பதா

இந்த வழிகாட்டியின் மிகக் கடினமான படி இதுதான், இதில் தொழில்நுட்பம் குறைவு. “இந்தக் கோப்புகள் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது என்றால் என் நிலை என்ன?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி பதிவிறக்கிக்கொள்ளக்கூடியவை, வேறெங்கோ பாதிப் பிரதி உள்ளவை என்றால் துணிந்து நீங்களே முயலலாம். வேறெங்கும் இல்லாத குடும்பப் படங்கள், ஆராய்ச்சித் தரவு, தொழிலின் கணக்குகள் என்றால், வட்டு சீராகச் சுழன்றாலும் முதல் வாய்ப்பை ஆய்வகத்துக்குக் கொடுப்பதே என் பரிந்துரை. வீட்டில் பல நாள் போராடிய பிறகு அங்கே போகும் வட்டு, முதல் நாளே போயிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய அளவுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

ஹெட் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு, அதே மாடலைச் சேர்ந்த கொடை வட்டும் வடிகட்டிய காற்றுள்ள சுத்த அறையும் வேண்டும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டைத் திறக்கும் வேலையை அவர்களே செய்கிறார்களா அல்லது வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா, மதிப்பீட்டை எழுத்தில் தருகிறார்களா, தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, மீண்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் செலுத்தும் முன் காட்டுவார்களா என்று கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 6: நகலெடுக்கத் தேவையானவற்றைத் தயார் செய்தல்

பழுதான வட்டைவிடப் பெரிய, நலமான இன்னொரு வட்டு வேண்டும். ஒரே கொள்ளளவு போதாது. முழு வட்டின் நகலைக் கோப்பாகச் சேமிக்கும் படிமம் மூல வட்டின் அளவுக்கே வளரக்கூடும் என்பதோடு, மீட்ட கோப்புகளுக்கும் இடம் வேண்டும். இரண்டு மடங்கு இருந்தால் கவலையில்லை. அந்த வட்டு எஃப்ஏடி32 முறைமையில் இருக்கக் கூடாது, ஏனென்றால் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பை அதில் வைக்க முடியாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகியவற்றில் ஒன்று போதும்.

மென்பொருள் என்று பார்த்தால், பழுதான வட்டை நகலெடுப்பதற்கென்றே அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூதான் நான் முதலில் எடுப்பது. இது இலவசமானது. இதே போன்ற பெயரில் கர்ட் கார்லோஃப் எழுதிய வேறொரு நிரலும் இருக்கிறது. விருப்பங்கள் வேறு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதை ஓட்ட லினக்ஸ் நிறுவ வேண்டியதில்லை. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்புத் தொகுப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்கினால் போதும், டிடிரெஸ்க்யூவும் டெஸ்ட்டிஸ்க்கும் அதிலேயே இருக்கின்றன. உபுண்டுவின் நேரடித் துவக்கத்தைப் பயன்படுத்துவதானால், செருகிய வட்டைத் தானாகத் திறக்கும் அமைப்பை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். விண்டோஸை விட்டு வெளியேற விரும்பாதவர்கள் டிஎம்டிஈ, ஆர்-ஸ்டுடியோ ஆகிய மீட்பு மென்பொருள்களில் உள்ள படிமம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் விண்டோஸ் தன் பங்குக்கு வட்டை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிறு மின்விசிறி ஒன்றை வட்டின் மேல் வீசும்படி வைத்து, அசையாத மேசையில் வட்டைக் கிடத்துங்கள். கணினி தூங்கப் போகாதபடி மின்சேமிப்பு அமைப்பையும் அணையுங்கள்.

படி 7: படிமம் எடுத்தல்

கோப்பு மேலாளரில் கோப்புறையை இழுத்துவிடுவது ஏன் கூடாது என்ற கேள்வி இயல்பானது. கோப்புகளாக நகலெடுக்கும்போது ஹெட் ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணைக்கும் தரவுக்கும் இடையே ஓடியாட வேண்டும். மோசமான செக்டர் ஒன்றில் சிக்கியதும் இயக்க முறைமை அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் முழு வேலையையும் கைவிட்டுவிடும். டிடிரெஸ்க்யூ நேர்மாறாக நடந்துகொள்கிறது. படிக்க வராத இடத்தைத் தாண்டிக் குதித்து, எளிதாகக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வருகிறது. பந்தியில் முதலில் எல்லா இலைக்கும் ஒரு சுற்று பரிமாறிவிட்டு, விட்டுப்போன இலையைப் பிறகு கவனிப்பது போன்றது இது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வட்டு இப்போது நன்றாகத் திறக்கிறது, உங்களுக்கு உயிரானது ஒரே ஒரு சிறிய கோப்புறை, அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும் என்றால், அதை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு படிமத்துக்கு வரலாம். சிறுபடங்கள் காட்டும் பார்வையில் கோப்புறையைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் அது படிக்க முயலும். நகல் ஓரிடத்தில் தடுமாறினால் மறுமுயற்சி வேண்டாம், நிறுத்திவிட்டுப் படிமத்துக்கே வாருங்கள்.

முதலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையால் வட்டுகளின் பட்டியலைப் பார்த்து, கொள்ளளவையும் மாடல் பெயரையும் கொண்டு எது மூலம், எது இலக்கு என்று உறுதி செய்யுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் வெற்று வட்டின் உள்ளடக்கம் உங்கள் தரவின் மேல் எழுதப்படும். காகிதத்தில் எழுதிவைத்து, இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த கட்டளையைத் தட்டுங்கள். கணினியை மறுபடி துவக்கினால் இந்தப் பெயர்கள் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு துவக்கத்துக்குப் பிறகும் இந்தச் சரிபார்ப்பு தேவை.

டிடிரெஸ்க்யூ கட்டளைக்கு மூன்று பெயர்கள் வரிசையாகத் தேவை: மூல வட்டு, படிமக் கோப்பு, வரைபடக் கோப்பு. மூலமாக ஒரு பகிர்வைக் கொடுக்காமல் முழு வட்டையும் கொடுங்கள். மூன்றாவது பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடவே கூடாது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எதை இன்னும் தொடவில்லை என்பதையெல்லாம் அந்தச் சிறிய கோப்பில்தான் நிரல் எழுதிவைக்கிறது. மின்சாரம் போனாலும், வட்டு உறைந்து நீங்கள் கணினியை மறுபடி துவக்க நேர்ந்தாலும், அதே கட்டளையை அதே பெயர்களோடு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். பென் டிரைவிலிருந்து துவக்கிய அமைப்பின் தற்காலிக நினைவகத்தில் வரைபடக் கோப்பை வைத்தால் கணினி அணைந்ததும் அது மறைந்துவிடும். ஆகவே படிமத்தோடு சேர்த்து இலக்கு வட்டிலேயே வையுங்கள்.

முதல் சுற்றை, கடினமான இடங்களைச் செக்டர் செக்டராகச் சுரண்டாதே என்று சொல்லும் சிற்றெழுத்து “என்” விருப்பத்தோடும், இயக்க முறைமையின் மையமான கர்னலின் இடைத்தேக்கத்தைத் தவிர்த்து நேராகப் படிக்கச் சொல்லும் சிற்றெழுத்து “டி” விருப்பத்தோடும் ஓட்டுங்கள். நலமான பகுதிகள் முழுவதும் இந்தச் சுற்றிலேயே வந்துவிடும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபி வட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பழுதான வட்டில் அந்த வேகம் நீடிக்காது, நாட்கணக்கில் ஓடினாலும் வியப்பில்லை.

திரையில் கவனிக்க வேண்டியது மீட்கப்பட்ட அளவும், கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும். கடைசி வெற்றிக்குப் பிறகு பல நிமிடங்கள் கடந்துகொண்டே போனால் வட்டு பதிலளிப்பதை நிறுத்தியிருக்கலாம். கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்தி, வட்டின் மின்சாரத்தைத் துண்டித்து, சிறிது ஆறவிட்டு, மறுபடி இணைத்துத் தொடருங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உறைந்தால், பெரிய எழுத்து “ஆர்” விருப்பத்தால் வட்டின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லலாம். பழுதான பகுதியின் மறுபக்கத்தில் இருப்பது அப்படிக் கிடைத்துவிடும். ஓட்டத்தின் நடுவே புதிதாக “டிக்” ஒலி தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, படி 5-இன் கேள்வியை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று முடிந்ததும் எத்தனை விழுக்காடு கிடைத்தது என்று பாருங்கள். 99-க்கு மேல் வந்திருந்தால், சுரண்டாதே என்ற விருப்பத்தை நீக்கிவிட்டு, மூன்று மறுமுயற்சிகளோடு இரண்டாம் சுற்றை ஓட்டலாம். இதற்குச் சிற்றெழுத்து “ஆர்” விருப்பத்தோடு 3 என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். கணிசமான பகுதி வராமல் கிடந்தால், இரண்டாம் சுற்றை ஓட்டும் முன் கையில் உள்ள படிமத்தில் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது என் வழக்கம். வேண்டியது ஏற்கெனவே வந்திருந்தால், வட்டை மேலும் வதைக்கும் தேவையே எழாது. கிடைத்த பகுதிகளும் கிடைக்காத பகுதிகளும் ஒரே இடைவெளியில் மாறி மாறி வருவதாக வரைபடம் காட்டினால், பல ஹெட்களில் ஒன்று மட்டும் செத்திருக்கக்கூடும். எத்தனை மறுமுயற்சி செய்தாலும் அந்த ஹெட்டின் பங்கு வராது, ஹெட்டை மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

படி 8: படிமத்திலிருந்து கோப்புகளை எடுத்தல்

இனி மூல வட்டைக் கழற்றி, பெயரெழுதிய பையில் தனியே வைத்துவிடலாம். இடம் இருந்தால் படிமத்துக்கு இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மேல் வேலை செய்யுங்கள். செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள அந்தப் பிரதிதான் சரியான இடம்.

கோப்பு முறைமை தப்பியிருந்தால் வேலை எளிது. லினக்ஸில் லோசெட்டப் கட்டளையால் படிமத்தை, எழுத முடியாத வட்டாக, பகிர்வுகளையும் அடையாளம் காணச் சொல்லி இணைத்து, வாசிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு திறக்கலாம். விண்டோஸில் இதற்கு ஓஎஸ்எஃப்மவுன்ட் உண்டு. வியப்பாக இருக்கலாம், பலரும் ஜிப் கோப்புக்கு மட்டும் பயன்படுத்தும் 7-ஜிப் நிரலே வட்டுப் படிமத்தைத் திறந்து, என்டிஎஃப்எஸ் பகிர்வின் கோப்புறைகளைக் காட்டி, வேண்டியதை வெளியே எடுத்துக் கொடுக்கும்.

திறக்கவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க்கை முயலுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இந்த நிரல் தொலைந்த பகிர்வுகளைத் தேடிப் பட்டியலிடும். அந்தப் பட்டியலில் இருந்தபடியே கோப்புகளைப் பார்த்து வேறிடத்துக்கு நகலெடுக்கலாம், பகிர்வு அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. அட்டவணை சிதைந்த என்டிஎஃப்எஸ் படிமங்களில் டிஎம்டிஈ அல்லது ஆர்-ஸ்டுடியோ இன்னும் ஆழமாகத் தோண்டும். டிஎம்டிஈயின் இலவசப் பதிப்பு ஒரு முறைக்கு ஒரு கோப்புறையிலிருந்து 4000 கோப்புகள்வரை எடுக்க விடுகிறது, பல வீட்டுத் தேவைகளுக்கு அதுவே போதும்.

கடைசி வழி ஃபோட்டோரெக். இது கோப்பு முறைமையையே பார்ப்பதில்லை. ஜேபெக், பிடிஎஃப், எம்பி4 போன்றவற்றின் தொடக்க அடையாளங்களைத் தேடி, கிடைத்ததை வெட்டியெடுக்கிறது. பெயர்களும் கோப்புறை அமைப்பும் திரும்பி வரா. துண்டுதுண்டாகச் சிதறிச் சேமிக்கப்பட்ட பெரிய காணொளிகள் பெரும்பாலும் உடைந்தே வரும். பல்லாயிரம் பெயரற்ற கோப்புகளைப் பிரிக்கும் வேலை பிறகு காத்திருக்கும் என்பதால், மற்ற வழிகள் தோற்ற பிறகே இதைத் தொடுங்கள்.

வட்டு விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் கொண்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியோ கடவுச்சொல்லோ இல்லாமல் படிமமும் பயன்படாது. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம், தேடிப் பாருங்கள். மறையாக்கம் செய்த வட்டில் ஃபோட்டோரெக் ஓட்டுவதில் பொருளே இல்லை.

படி 9: கிடைத்தது முழுமையானதா என்று பார்த்தல்

படிக்க முடியாத செக்டர்கள் இருந்த இடத்தில் படிமத்தில் வெறும் பூஜ்யங்கள் இருக்கும். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருக்க, உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம்: படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரியும், காணொளி பாதியில் நின்றுபோகும், ஜிப் கோப்பு பிரிக்கும்போது பிழை சொல்லும். ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதற்காகவே டிடிரெஸ்க்யூவில் ஒரு நிரப்பும் முறை இருக்கிறது. படிமத்தின் பிரதியில், வரைபடக் கோப்பு மோசம் என்று குறித்திருக்கும் இடங்களை மட்டும், வேறெங்கும் வராத ஒரு சொற்றொடரால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு படிமத்தைத் திறந்து, கிரெப் கட்டளையால் அந்தச் சொற்றொடர் உள்ள கோப்புகளைத் தேடினால், சேதமடைந்தவற்றின் பட்டியல் கைக்கு வந்துவிடும். மற்றவை, பட்டியலில் இல்லை என்ற அளவில், நம்பிக்கைக்குரியவை.

சேதமான கோப்புகளில் ஈடுசெய்ய முடியாதது ஏதேனும் இருந்தால், மூல வட்டுக்குத் திரும்பி மேலும் சில மறுமுயற்சிகள் செய்வதா என்று இப்போது தெளிவாக முடிவெடுக்கலாம். என்ன கிடைக்கலாம், எதைப் பணயம் வைக்கிறோம் என்பது இரண்டும் இப்போது தெரியும்.

மீட்டவற்றை இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, இரண்டையும் திறந்து பார்த்து முடிக்கும்வரை மூல வட்டையும் படிமத்தையும் வரைபடக் கோப்பையும் வைத்திருங்கள். உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறது என்பதற்காக வட்டை உடனே அனுப்பிவிடாதீர்கள். உற்பத்தியாளர் பெரும்பாலும் வேறொரு வட்டைத்தான் தருவார், பழையது திரும்பி வராது. அனுப்புவதானாலும் எறிவதானாலும் அதில் உங்கள் தரவு இன்னும் இருக்கிறது. எழுத இயலாத வட்டை மென்பொருளால் துடைக்க முடியாது என்பதால், எறியும் முன் தட்டுகளை வெளியே எடுத்துச் சேதப்படுத்திவிடுங்கள். 2.5 அங்குல வட்டுகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியாலானது, வளைத்தால் தெறித்துச் சிதறும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள்.